ஒட்டப் போய் இடம் மாறும் குரோமோசோம்கள்

திராட்சைச் சாற்றில் சல்ஃபைட் சேர்ப்பது ஒயின் தயாரிப்பவர்களின் பழைய வழக்கம். வேண்டாத பாக்டீரியாவும் காட்டு ஈஸ்ட்டும் அதில் அடங்கிவிடும். ஆனால் ஒயினுக்கென்றே பயன்படும் ஈஸ்ட் ரகங்கள் பலவும் சல்ஃபைட்டைப் பெரிதாகக் கண்டுகொள்வதில்லை. காரணம், எஸ்எஸ்யு1 என்ற மரபணு. செல்லுக்குள் வரும் சல்ஃபைட்டை வெளியே இறைத்துக் கொட்டும் புரதத்தை அது உருவாக்குகிறது. இந்த மரபணு எல்லா ஈஸ்ட்டிலும் 16-ஆம் குரோமோசோமில் உண்டு. ஒயின் ரகங்களில் மட்டும் ஏன் இத்தனை மும்முரமாக வேலை செய்கிறது என்று ஸ்பெயின் நாட்டு ஆய்வாளர்கள் தேடிப் பார்த்து 2002-இல் விடை சொன்னார்கள். 8-ஆம் குரோமோசோமும் 16-ஆம் குரோமோசோமும் எப்போதோ துண்டு மாற்றிக்கொண்டிருக்கின்றன. ஒட்டு விழுந்த இடம், எஸ்எஸ்யு1-க்குச் சற்று முன்னால். 8-ஆம் குரோமோசோமில் வேறொரு மரபணுவை இயக்கிக்கொண்டிருந்த பகுதி இங்கே வந்து உட்கார்ந்து, எஸ்எஸ்யு1-ஐ முடுக்கிவிட்டிருக்கிறது.

பின்னர் வேறு ஒயின் ரகங்களில் 15-ஆம் குரோமோசோமுக்கும் 16-க்கும் இடையே இன்னொரு மாற்றம் கண்டுபிடிக்கப்பட்டது. மூன்றாவதாக, 16-ஆம் குரோமோசோமிலேயே ஒரு பகுதி தலைகீழாகத் திரும்பியிருந்த ரகமும் கிடைத்தது. மூன்றும் தனித்தனியே நடந்தவை. மூன்றும் போய் நின்றது ஒரே மரபணுவின் வாசலில்.

குரோமோசோம்கள் இப்படித் துண்டு மாற வேண்டுமென்றால் முதலில் அவை முறிய வேண்டும். அப்புறம் ஒட்டப்பட வேண்டும். முறிக்கும் காரணங்கள் பல. கதிர்வீச்சு, சில மருந்துகள், செல்லின் சொந்த வேதிவினைகளில் பிறக்கும் ஆக்சிஜன் துணுக்குகள், டிஎன்ஏவை நகலெடுக்கும் நேரத்தில் இழையில் ஏற்கெனவே இருந்த ஒரு சின்னக் கீறல் என்று அடுக்கலாம். ஒட்டுவது செல்லின் பழுதுபார்க்கும் புரதங்கள். ஜீனோம், அதாவது செல்லின் மொத்த டிஎன்ஏ, குலைந்திருந்தால் பழுதுபார்ப்பு தோற்றுவிட்டது என்றுதான் முதலில் நினைக்கத் தோன்றும். ஈஸ்ட்டில் நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக நடந்த ஆய்வுகள் சொல்வது வேறு. குலைவுகளில் பெரும்பங்கு, மிகத் துல்லியமானது என்று பாடப்புத்தகம் சொல்லும் பழுதுபார்ப்பு முறை தன் வேலையை விதிப்படி செய்து முடித்ததால் வருகிறது. விதிப்படிதான் செய்கிறது, இடம்தான் தப்பு.

ரொட்டி மாவைப் புளிக்கவைக்கும் அதே சாக்கரோமைசஸ் செரவிசியே ஈஸ்ட்டைத்தான் இங்கே பேசுகிறோம். கரு உள்ள செல்களைக் கொண்ட உயிர்களில் முழு ஜீனோமும் முதலில் படிக்கப்பட்டது இதற்குத்தான், 1996-இல். சுமார் 1.2 கோடி எழுத்துகள் (டிஎன்ஏ ஏணியின் ஒரு படியை ஓர் எழுத்து என்கிறோம்), 16 குரோமோசோம்கள், ஏறத்தாழ 6,000 மரபணுக்கள். மனித ஜீனோமோடு ஒப்பிட்டால் சின்னது, நெருக்கமாக அடுக்கப்பட்டது. இருந்தாலும் டிஎன்ஏவின் இரண்டு இழைகளும் ஒரே இடத்தில் அறுந்துவிட்டால் ஈஸ்ட் செல்லும் மனித செல்லும் சந்திக்கும் சிக்கல் ஒன்றேதான். அறுந்த நுனியை அப்படியே விட்டுவிட்டுப் பிரிந்தால், மையப்பகுதி (பிரிவின்போது குரோமோசோமைப் பிடித்து இழுக்க உதவும் இடம்) இல்லாத துண்டு எந்த மகள் செல்லுக்கும் ஒழுங்காகப் போய்ச் சேராது. அதனால் செல் பிரிவை நிறுத்தி வைக்கிறது. இப்படி நிறுத்திவைக்கும் ஏற்பாட்டை ராட்9 என்ற ஈஸ்ட் மரபணுவின் வழியாக 1988-இல் டெட் வைனர்ட்டும் லீலண்ட் ஹார்ட்வெல்லும் காட்டினார்கள். ஒரே ஒரு முறிவு சரிசெய்யப்படாமல் கிடந்தாலும் ஈஸ்ட் செல் மணிக்கணக்கில் காத்திருக்கும்.

காத்திருக்கும் நேரத்தில் செய்யக்கூடியது இரண்டு. ஒன்று, அறுந்த இரண்டு நுனிகளையும் பிடித்து அப்படியே ஒட்டிவிடுவது. கூ என்ற இரட்டைப் புரதம் நுனிகளைப் பிடித்துக்கொள்ள, ஒரு லைகேஸ் நொதி இணைத்துவிடும். மனித செல்கள் இந்த வழியை நிறையவே பயன்படுத்துகின்றன. ஈஸ்ட்டுக்கு இதில் அவ்வளவு நாட்டமில்லை. மீண்டும் மீண்டும் வெட்டும் நொதி ஒன்றை விட்டுவிட்டு, பார்த்து எழுத மாதிரியும் இல்லாமல் செய்தால், நுனி ஒட்டிப் பிழைப்பவை ஆயிரம் செல்களில் ஓரிரண்டுதான். ஈஸ்ட் பெரிதும் நம்புவது இரண்டாவது வழியை: அறுந்த இடத்தில் இருந்த அதே எழுத்து வரிசை வேறெங்காவது முழுதாக இருக்கிறதா என்று தேடி, அதைப் பார்த்து நகலெடுத்துக்கொள்வது. ஒத்த வரிசை மறுசேர்க்கை என்று இதைச் சொல்லலாம்.

முறிவும் மறுசேர்க்கையும் ஒன்றோடொன்று பின்னியவை என்பது புரிந்ததே ஈஸ்ட்டால்தான். மைக்கேல் ரெஸ்னிக் 1976-இல் இப்படி ஒரு விளக்கத்தை முன்வைத்தார். 1981-இல் டெர்ரி ஆர்-வீவர், ஜாக் சோஸ்டாக், ராட்னி ராத்ஸ்டீன் மூவரும் வட்டமான பிளாஸ்மிட் டிஎன்ஏவை ஒரு நொதியால் வெட்டி ஈஸ்ட்டுக்குள் செலுத்திப் பார்த்தார்கள். வெட்டாத வட்டத்தைவிட வெட்டிய டிஎன்ஏ பல மடங்கு அதிகமாகக் குரோமோசோமில் போய்ச் சேர்ந்தது. அதுவும் கண்ட இடத்தில் சேரவில்லை. வெட்டுப்பட்ட வரிசைக்கு ஒப்பான இடமாகப் பார்த்துச் சேர்ந்தது. அறுந்த நுனியே தேடிப் போகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டாம். ஃபிராங்க்ளின் ஸ்டாலும் சேர்ந்துகொள்ள, 1983-இல் இவர்கள் எழுதிய இரட்டை இழை முறிவு விளக்கம்தான் இன்றுவரை இத்துறையின் அடித்தளம். சோஸ்டாக் பின்னால் நோபல் பரிசு வாங்கியது குரோமோசோம் நுனிகளைப் பற்றிய வேறொரு வேலைக்காக.

முறிவுகளை ஆராய வேண்டுமென்றால், எங்கே எப்போது முறிகிறது என்பது நம் கையில் இருக்க வேண்டும். கதிர்வீச்சு கண்ட கண்ட இடத்தில் வெட்டும். ஈஸ்ட்டிடமே இதற்கு ஒரு கத்தி இருந்தது: எச்ஓ நொதி. ஈஸ்ட்டுக்கு ஏ, ஆல்ஃபா என்று இரண்டு இணைவகைகள் உண்டு. காட்டில் வாழும் ஈஸ்ட் தன் வகையை மாற்றிக்கொள்ளும்போது, 3-ஆம் குரோமோசோமில் மேட் என்ற ஒரே இடத்தை இந்த நொதி வெட்டும். அதே குரோமோசோமின் இரண்டு கோடிகளிலும் ஊமையாக வைக்கப்பட்டிருக்கும் நகல்களில் ஒன்றைப் பார்த்து செல் அந்த வெட்டைச் சரிசெய்யும்; வகை மாறிவிடும். பிராண்டைஸ் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் ஹேபரின் ஆய்வகமும் மற்றவர்களும் இந்த நொதியை கேலக்டோஸ் சர்க்கரை கொடுத்தால் மட்டும் உருவாகும்படி அமைத்துக்கொண்டார்கள். தட்டில் கேலக்டோஸ் ஊற்றினால் ஒரு மணி நேரத்துக்குள் கோடிக்கணக்கான செல்களில் ஒரே இடம் ஒரே சமயத்தில் அறுந்துவிடும். வெட்டும் இடத்தை எந்தக் குரோமோசோமிலும் பொருத்தலாம். ஊமை நகல்களை நீக்கிவிட்டு, பார்த்து எழுத வேண்டிய மாதிரியை நாம் விரும்பும் இடத்தில் வைக்கலாம். இந்தக் கட்டுரையில் பின்னால் வரும் பல சோதனைகளுக்கும் இந்த ஏற்பாடுதான் ஆதாரம்.

சரி, வெட்டு விழுந்தபின் என்ன நடக்கிறது? எம்ஆர்எக்ஸ் என்று சுருக்கமாக அழைக்கப்படும் மூன்று புரதங்களின் கூட்டு முதலில் நுனிகளில் வந்து உட்காரும். ஒவ்வொரு நுனியிலும் ஓர் இழை மட்டும் கடித்துத் தின்னப்படும். வேகம் மணிக்குச் சுமார் 4,000 எழுத்து. எதிர் இழை ஒற்றையாகத் தொங்கும் வால் போல மிஞ்சும். ராட்52 என்ற புரதத்தின் உதவியோடு ராட்51 புரதங்கள் அந்த வாலில் வரிசையாக ஏறிக்கொள்ளும். இந்த ராட்51 இழைதான் தேடலைச் செய்கிறது. கருவுக்குள் இருக்கும் மற்ற டிஎன்ஏவைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கும். சுமார் 8 எழுத்து அடுத்தடுத்துப் பொருந்தினால் கொஞ்சம் நின்று பார்க்கும். பொருத்தம் நீண்டால் பிடித்துக்கொள்ளும். இல்லையென்றால் விட்டுவிட்டு நகரும். பொருந்திய இடத்தில் இரட்டை இழையைப் பிரித்து உள்ளே நுழைந்து, நகலெடுக்கும் நொதிக்குத் தொடக்கப்புள்ளி கொடுக்கும்.

இந்த வழிமுறைக்குத் தெரிந்தது பொருத்தம் மட்டுமே. தான் பிடித்த இடம் எந்தக் குரோமோசோமில், எந்த மரபணுவுக்குப் பக்கத்தில் இருக்கிறது என்று அதற்குத் தெரிய வழியில்லை. கச்சேரியில் ஒரே பல்லவி வரி ஒவ்வொரு சரணத்துக்குப் பின்னாலும் திரும்ப வரும்போது, ஒரு நொடி கவனம் சிதறிய பாடகர் இரண்டாம் சரணத்துக்குப் பதில் நான்காம் சரணத்தில் போய் இறங்கிவிடுவார். பாடிய ஒவ்வொரு வரியும் சரியாகவே இருக்கும். ஜீனோமிலும் திரும்பத் திரும்ப வரும் வரிகள் இருந்தால் இதுதான் நேரும். ஈஸ்ட்டில் அவை இருக்கின்றன.

அவற்றில் முக்கியமானவை டிஒய் என்ற தாவும் மரபுக்கூறுகள். ஒவ்வொன்றும் சுமார் 6,000 எழுத்து நீளம். ஆய்வகங்களில் வழக்கமாகப் பயன்படும் ரகத்தில் முழு நீள டிஒய்கள் ஐம்பதைத் தொடும். அவற்றின் உதிர்ந்த எச்சங்கள் இன்னும் சில நூறு, 16 குரோமோசோம்களிலும் சிதறிக் கிடக்கின்றன. ஒரே வகையைச் சேர்ந்த இரண்டு டிஒய்கள் கிட்டத்தட்ட எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கும்.

இவை எவ்வளவு தொல்லை தரும் என்பதை அளந்து காட்டியது 2008-இல் ஜுவான் லூகாஸ் அர்கேசோ, தாமஸ் பீட்ஸ், மைக்கேல் ரெஸ்னிக் முதலியோர் செய்த ஆய்வு. ஒவ்வொரு குரோமோசோமும் இரட்டையாக உள்ள, நகலெடுத்து முடித்த நிலையில் நிற்கும் ஈஸ்ட் செல்களைக் காமாக் கதிர்களுக்கு உட்படுத்தினார்கள். இந்த நிலையில் செல்லுக்குச் சரியான மாதிரிக்குப் பஞ்சமே இல்லை. ஒட்டியே கிடக்கும் சகோதர நகலைப் பார்க்கலாம். இணைக் குரோமோசோமைப் பார்க்கலாம். அப்படியிருந்தும் மொத்த முறிவுகளில் சுமார் 2 சதவீதம் குரோமோசோம் குலைவில் போய் முடிந்தன. பிழைத்த செல்களின் ஜீனோமை முழுதாக ஆராய்ந்தபோது, அந்தக் குலைவுகள் ஏறக்குறைய எல்லாமே திரும்ப வரும் வரிசைகளுக்கு, அதிலும் பெரும்பாலும் டிஒய்களுக்கு, இடையே நடந்த மறுசேர்க்கையால் வந்தவை. நுனிகளை நேராக ஒட்டும் 'அலட்சியமான' வழியின் பங்கு அதில் இருந்ததாகவே தெரியவில்லை. திரும்ப வரும் வரிசைகள் ஜீனோமில் 3 முதல் 5 சதவீதம்தான். முறிவு அந்தப் பகுதிக்குள் விழுந்தால்தான் ஆபத்து; தனித்த வரிசைக்குள் விழுந்தால் செல் சரியான துணையைத் தேடிக்கொள்கிறது என்பது அவர்கள் எடுத்த முடிவு. இந்தத் துறையில் இதைப் போலத் தெளிவான கணக்கு கிடைப்பது அபூர்வம்.

தவறான இடத்தில் பிடித்தாலும் எப்போதும் குலைவு வருவதில்லை. நுழைந்த வால் கொஞ்ச தூரம் நகலெடுத்துவிட்டு, விடுபட்டு வந்து, தன் சொந்த மறுநுனியோடு சேர்ந்துவிட்டால் பெரிய சேதமில்லை. சில நூறு எழுத்துகள் வேறு பிரதியிலிருந்து வந்திருக்கும், அவ்வளவுதான். ஈஸ்ட் பெரும்பாலும் இப்படித்தான் முடித்துக்கொள்கிறது. சில வேளை இரண்டு டிஎன்ஏக்களும் குறுக்காகப் பின்னிக்கொண்டு, பிரிக்கும்போது கைகளை, அதாவது பின்னலுக்கு அப்பாலுள்ள நீண்ட பகுதிகளை, மாற்றிக்கொள்ளும். எங்கே நடந்தது என்பதைப் பொறுத்து விளைவு மாறும். ஒரே குரோமோசோமில் ஒரே திசையில் இருக்கும் இரண்டு நகல்களுக்கிடையே என்றால், நடுவில் இருந்தது கழன்று போகும். எதிரெதிர்த் திசை என்றால் நடுப்பகுதி திரும்பிக்கொள்ளும். வெவ்வேறு குரோமோசோம் என்றால் கைகள் இடம் மாறும். திசை தோதாக இல்லாவிட்டால் இரண்டு மையப்பகுதி கொண்ட ஒரு குரோமோசோமும் மையமே இல்லாத ஒன்றும் மிஞ்சி, அடுத்த பிரிவில் இழுபறியாகி மறுபடி முறியும். பார்பரா மெக்லின்டாக் 1930-களின் இறுதியில் மக்காச்சோளத்தில் கண்ட முறிவு–இணைவு–பாலம் என்ற சுழற்சியும் இரண்டு மையம் கொண்ட குரோமோசோம்களின் கதைதான். ஹேபர் குழு 2003-இல் வெளியிட்ட ஆய்வில், வேறு இடத்தில் உள்ள மாதிரியைப் பார்த்துச் சரிசெய்யும்போது சாதாரண ஈஸ்ட்டில் இந்தக் கைமாற்றம் 5 சதவீதம் அளவுக்குத்தான் நடந்தது. எஸ்ஜிஎஸ்1, எஸ்ஆர்எஸ்2 ஆகிய இரண்டு பிரிப்பு நொதிகளில் ஒன்றை நீக்கினாலும் அது இரண்டு மூன்று மடங்காக உயர்ந்தது. அதாவது குறைவாக இருப்பது தானாக நேர்வதல்ல, அந்த நொதிகள் கட்டுப்படுத்தி வைத்திருக்கின்றன.

இரண்டு குரோமோசோம்கள் ஒரே சமயத்தில் முறிந்தால் இத்தனை நுணுக்கம்கூடத் தேவையில்லை. முறிவின் இரு பக்கமும் ஒரே மாதிரி வரிசைகள் இருந்தால், நுனிகள் தின்னப்படும்போது அவை ஒற்றை இழைகளாக வெளிப்பட்டு நேராக ஒன்றோடொன்று படிந்துகொள்ளும். ராட்52 இருந்தால் போதும், ராட்51 வேண்டியதில்லை. 1996-இல் ஹேபரும் வாய்-யிங் லியுங்கும் இரண்டு குரோமோசோம்களில் இப்படி வெட்டு வைத்துப் பார்த்தார்கள். ஒரே குரோமோசோமின் நுனிகள் தங்களுக்குள் சேர்வதும், ஒன்றின் நுனி மற்றதன் நுனியோடு மாற்றிச் சேர்வதும் கிட்டத்தட்ட சரிசமமாக நடந்தன. தன் பாதி எது, அயலான் பாதி எது என்று பார்க்கிற வேலை அங்கே இல்லை.

இதுவரை சொன்னதெல்லாம் முறிவின் இரண்டு நுனிகளும் கையில் இருக்கும் நிலைமை. ஒரு நுனி மட்டுமே மிஞ்சினால், அல்லது ஒன்றுக்கு மட்டும் துணை கிடைத்தால்? அந்த ஒற்றை நுனி மாதிரிக்குள் நுழைந்து குரோமோசோமின் கோடி வரை நகலெடுத்துக்கொண்டே போய்விடும். முறிவு தூண்டும் நகலெடுப்பு என்று இதற்குப் பெயர். அன்னா மல்கோவா, எவ்கெனி இவானோவ், ஹேபர் மூவரும் 1996-இல் ராட்51 இல்லாத ஈஸ்ட்டில் இதை நிரூபித்தார்கள். ராட்51 இருந்தால் இன்னும் நன்றாக நடக்கும் என்பது பின்னால் தெரிந்தது. நூறாயிரம் எழுத்துக்கு மேல்கூட இப்படி நகலெடுக்கப்படும். இது வழக்கமான நகலெடுப்பைப் போன்றதில்லை. தொடங்கவே சில மணி நேரம் ஆகும். வழக்கமாக அத்தனை அவசியமில்லாத போல்32 என்ற துணைப் புரதமும் பிஃப்1 என்ற பிரிப்பு நொதியும் இங்கே இன்றியமையாதவை. நகரும் குமிழி ஒன்றுக்குள் முதலில் ஒரு புது இழை நீண்டு வெளியே தள்ளப்படும். அதன் துணை இழை பிற்பாடு எழுதப்படும். இடைப்பட்ட நேரத்தில் ஒற்றை இழை காவலின்றித் தொங்கும். எழுத்துப் பிழைகள் சாதாரண நகலெடுப்பைவிட 2,800 மடங்கு வரை கூடுவதை மல்கோவாவின் குழு 2011-இல் அளந்தது.

குலைவு என்ற கோணத்தில் பார்த்தால் பிழைகளைவிட இரண்டு விஷயங்கள் பெரியவை. ஒன்று, நுனி நுழைந்தது டிஒய் போன்ற ஒன்றின் வழியாக வேறு குரோமோசோமில் என்றால், அந்தக் குரோமோசோமின் ஒரு கை முழுவதும் இங்கே இரண்டாம் பிரதியாக வந்துவிடும். அங்கே ஒன்றும் குறையவில்லை. இங்கே தன் பழைய கை போய் வேறு கை முளைத்திருக்கிறது. நூற்றுக்கணக்கான மரபணுக்களின் எண்ணிக்கை ஒரே வீச்சில் மாறிவிடும். இரண்டு, நகலெடுக்கும் நுனி பிடித்த இடத்திலேயே நிற்பதில்லை. கொலம்பியா பல்கலைக்கழகத்தில் லொரைன் சைமிங்டனின் குழு 2007-இல் காட்டியபடி, குறிப்பாக முதல் 10,000 எழுத்துகளுக்குள் அது கழன்று வந்து வேறு மாதிரியில் மறுபடி நுழைவது சகஜம். முதலில் சரியான இடத்தில் நுழைந்திருந்தாலும், டிஒய் ஒன்றைக் கடக்கும்போது கழன்றால் அடுத்து எங்கே இறங்கும் என்று சொல்ல முடியாது. 2010-இல் ஹேபர் குழு மேட் இடத்தில் நடக்கும் குறுகிய நகலெடுப்பிலேயே இதைப் பிடித்தது. வேறோர் ஈஸ்ட் இனத்தின் யுஆர்ஏ3 மரபணுவை மாதிரியாக வைத்திருந்தார்கள். அதோடு 72 சதவீதம் மட்டுமே ஒத்துப்போகும், வேறொரு குரோமோசோமில் உள்ள தன் சொந்த யுஆர்ஏ3-க்கு நுனி தாவிப் போய்த் திரும்பி வந்த செல்கள் கிடைத்தன. ஒரு முறை நகலெடுக்கத் தொடங்கிவிட்டால் பொருத்தத்தைப் பற்றிய கறார் எவ்வளவு தளர்ந்துவிடுகிறது என்பதற்கு இந்த 72 சதவீதம் ஒரு நல்ல அளவுகோல்.

இதையெல்லாம் தாண்டி எனக்கு மிகவும் வியப்பாகப் படுவது, கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் வுல்ஃப்-டீட்ரிக் ஹெய்யரின் ஆய்வகத்தில் ஔரேல் பியாஸா 2017-இல் வெளிக்கொண்டுவந்தது. அதுவரை எல்லோர் மனதிலும் இருந்த படத்தில் ஒரு நுனி ஒரு நேரத்தில் ஒரு மாதிரியைத்தான் பிடிக்கும். ஆனால் ராட்51 ஏறிய வால் ஆயிரக்கணக்கான எழுத்து நீளமுள்ளது. அதன் ஒரு பகுதி ஓரிடத்தையும் இன்னொரு பகுதி வேறோர் இடத்தையும் ஒரே நேரத்தில் பிடித்தால்? சோதனைக் குழாயில் தூய்மையான புரதங்களோடு அப்படி நடந்தது. செல்லுக்குள்ளும் நடக்கிறதா என்று பார்க்க லைசின் என்ற அமினோ அமிலத்தை உருவாக்கும் மரபணுவைப் பிளந்தார்கள். முதல் பகுதியை ஒரு குரோமோசோமிலும் கடைசிப் பகுதியை மற்றொன்றிலும் வைத்தார்கள். இரண்டோடும் பொருந்தும் நடுப்பகுதி, மூன்றாவதாக வெட்டப்படும் இடத்தில். அந்த இரண்டு குரோமோசோம்களும் முறியாதவை. முதல் பகுதிக்கும் கடைசிப் பகுதிக்கும் தங்களுக்குள் ஒற்றுமை கிடையாது. அவை ஒன்றுசேர்ந்தால் மட்டுமே லைசின் இல்லாத தட்டில் செல் வளரும். வெட்டு வைத்ததும், வளரும் செல்கள் கிடைத்தன.

நடப்பது இதுதான் என்று ஊகித்திருக்கிறார்கள், அதற்குச் சான்றுகளும் வலுவாக உள்ளன: வால் இரண்டு மாதிரிகளையும் பிடித்துக்கொண்டு ஒரு மும்முனை முடிச்சு விழுகிறது. கிளைத்த டிஎன்ஏவைக் கண்டால் வெட்டும் நொதிகள் மூன்று ஈஸ்ட்டில் உண்டு: எம்யுஎஸ்81, எஸ்எல்எக்ஸ்1, யென்1. செல் பிரிவதற்கு முன் முடிச்சுகளை அறுத்து விடுவிப்பது அவற்றின் வேலை. இங்கே அவை அறுப்பது, முறியாமல் இருந்த மாதிரிக் குரோமோசோம்களை. அறுந்த அந்த நுனிகள், நடுவில் பிடித்துக்கொண்டிருக்கும் வாலின் உதவியால் ஒன்றோடொன்று சேர்கின்றன. ஆக, ஒரு குரோமோசோம் முறிந்ததற்கு, அதில் சம்பந்தமே இல்லாத வேறு இரண்டு இடம் மாறிவிட்டன. அதோடு முடியவில்லை. சேராமல் மிஞ்சிய நுனிகள் புதிய முறிவுகள். அவையும் வால் வளர்த்துத் தேடக் கிளம்பும். ஒரு முறிவைச் சரிசெய்யப் போய் முறிவுகளின் எண்ணிக்கை கூடும் இந்த நிலையைப் பழுதுபார்ப்பு என்று சொல்வதா என்பதே கேள்விதான்.

இது அரிதாக நடப்பதற்குக் காரணம், தவறான பிடிகளைக் கழற்றிவிடும் நொதிகள். மேலே கண்ட எஸ்ஜிஎஸ்1-உம் எஸ்ஆர்எஸ்2-உம், எம்பிஎச்1 என்ற மூன்றாவதும் நுழைந்த வாலை உருவி வெளியே எடுக்கின்றன. சரியான இடத்தில் நுழைந்ததையும்தான் உருவுகின்றன. நல்ல பொருத்தம் மறுபடி மறுபடி நுழைந்து தாக்குப்பிடிக்கும். அரைகுறைப் பொருத்தம் பிடி தளர்ந்து போகும். பிணைந்த இரு இழைகளில் எழுத்து முரண்பாடுகள் நிறைய இருந்தால், எழுத்துப் பிழை திருத்தும் புரதங்களும் வந்து எஸ்ஜிஎஸ்1-ஐக் கூட்டிக்கொண்டு பிரித்துவிடும். டிஒய்கள் அபாயமாக இருப்பது இதனால்தான். அவற்றுக்கிடையே முரண்பாடே குறைவு.

இந்தக் காவல் எவ்வளவு இறுக்கமானது என்பதை ரிச்சர்ட் கொலோட்னரும் கிளார்க் சென்னும் 1999-இல் அளந்தார்கள். 5-ஆம் குரோமோசோமின் இடது கோடியில் செல் உயிர்வாழத் தேவையான மரபணுக்கள் இல்லை. அங்கே இரண்டு மரபணுக்களை அடையாளமாக வைத்து, இரண்டும் ஒருசேரத் தொலைந்த செல்கள் மட்டும் பிழைக்கும்படி இரண்டு நச்சுகள் கலந்த தட்டில் வளர்த்தார்கள். இரண்டும் ஒன்றாகத் தொலைய வேண்டுமென்றால் குரோமோசோமின் கோடியே போயிருக்க வேண்டும். சாதாரண ஈஸ்ட்டில் இது ஆயிரம் கோடி பிரிவுகளுக்கு மூன்று, நான்கு முறை. எம்ஆர்எக்ஸ் கூட்டில் ஒன்றை நீக்கினால் பல நூறு மடங்கு கூடியது. பிஃப்1-ஐ நீக்கினாலும் அப்படியே. ஆனால் வேறு காரணத்துக்காக. பிஃப்1 இல்லாவிட்டால் குரோமோசோம் கோடிகளின் மூடியான டெலோமியரை நீட்டும் நொதி, முறிந்த நுனியையே குரோமோசோமின் கோடி என்று எடுத்துக்கொண்டு மூடிவிடுகிறது. பிஃப்1 ஒரு பக்கம் குலைவைத் தடுக்கிறது. இன்னொரு பக்கம், கோடிவரை நகலெடுக்கும் அபாயகரமான வழிக்கு அதுவே இன்றியமையாதது. ஈஸ்ட் புரதங்களை நல்லது கெட்டது என்று பிரித்துப் பட்டியல் போட முடியாது என்பதற்கு இது ஒன்று போதும்.

முறிவு எங்கே விழும் என்பதும் முழுக்கத் தற்செயல் அல்ல. பீட்ஸின் ஆய்வகம் 2005-இல் நகலெடுக்கும் நொதி ஒன்றின் அளவைக் குறைத்துப் பார்த்தது. 3-ஆம் குரோமோசோமில் எதிரெதிராக நிற்கும் ஒரு ஜோடி டிஒய்1 இருந்த இடம் திரும்பத் திரும்ப முறிந்தது. நகலெடுப்பு மெதுவாகி ஒற்றை இழை நெடுநேரம் வெளியே கிடந்தால், எதிரெதிர் ஜோடி தன்மேலேயே மடிந்து கொண்டை ஊசி போலாகி அறுபடுகிறது என்பது அவர்கள் விளக்கம். முறிய வைப்பதும் டிஒய், முறிந்தபின் தவறான துணையைக் காட்டுவதும் டிஒய்.

பரிணாமத்துக்கு இதெல்லாம் மூலப்பொருள். மைத்ரேயா டன்ஹாம் முதலானோர் 2002-இல் வெளியிட்ட சோதனையில், குளுக்கோஸ் பற்றாக்குறையில் நூறு முதல் ஐந்நூறு தலைமுறை வளர்ந்த எட்டு ஈஸ்ட் வரிசைகளில் ஆறில் பெரிய குரோமோசோம் மாற்றங்கள் தெரிந்தன; முறிவிடங்கள் பலவற்றில் டிஒய் சார்ந்த வரிசைகள். தொடர்பே இல்லாத மூன்று வரிசைகளில் 14-ஆம் குரோமோசோம், சிட்ரேட் உருவாக்கும் நொதியின் மரபணுவை ஒட்டிய அதே இடத்தில் முறிந்திருந்தது. ஒயின் ஈஸ்ட்டின் சல்ஃபைட் கதையும் இந்தக் குடும்பம்தான். ஆனால் ஒரு வேறுபாட்டைச் சொல்லியாக வேண்டும்: 8-16 மாற்றத்தின் ஒட்டில் டிஒய் இல்லை, சில எழுத்துகளே ஒத்துப்போகும் நுண்பொருத்தம்தான் இருந்தது. எல்லாக் குலைவையும் டிஒய் தலையில் கட்டிவிட முடியாது.

மனிதரிலும் வழிமுறை பெரிதும் இதேதான். சார்கோ–மாரி–டூத் நரம்பு நோயின் ஒரு வகையில், 17-ஆம் குரோமோசோமில் 24,000 எழுத்து நீளமுள்ள இரண்டு நகல்களுக்கு இடையே நடக்கும் தவறான மறுசேர்க்கை நடுவிலுள்ள 14 லட்சம் எழுத்துகளை இரட்டிப்பாக்குகிறது. ஈஸ்ட்டில் ராட்52 செய்யும் ராட்51 ஏற்றும் வேலையை மனித செல்லில் பிஆர்சிஏ2 என்ற புரதம் செய்கிறது. அதில் பழுது வந்தால் மார்பக, சூலகப் புற்றுநோய்களின் ஆபத்து கூடும். மும்முனை முடிச்சு வகைக் குலைவு புற்றுநோய் செல்களில் எவ்வளவு பங்கு வகிக்கிறது என்பது இன்னும் தீராத விவாதம்.

இடம் மாறிய குரோமோசோம் தாங்கிய ஈஸ்ட் பெரும்பாலும் நன்றாகவே வளரும். சிக்கல் இனப்பெருக்கத்தில். கைமாறிய குரோமோசோம்கள் உள்ள ஒன்றும் மாறாத ஒன்றும் கூடினால், பிறக்கும் வித்துகளில் பாதி ஏதோ ஒரு துண்டு குறைந்து சாகும். பிரான்சில் ஜோசப் ஷாக்கரரின் குழு 2014-இல் ஒரே இனத்தைச் சேர்ந்த ஈஸ்ட் ரகங்களுக்கிடையே வித்துகள் பிழைக்காமல் போவதற்கு இத்தகைய இடமாற்றங்கள் பெரிய காரணம் என்று காட்டியது.

குரோமோசோம் அமைப்பை எவ்வளவு தூரம் இழுக்கலாம் என்பதற்கு ஷாங்காயில் சின் சோங்ஜுன் குழுவினர் 2018-இல் ஒரு பதில் தந்தார்கள். 16 குரோமோசோம்களையும் ஒவ்வொன்றாக ஒட்டி ஒரே குரோமோசோமாக்கிவிட்டார்கள். 15 மையப்பகுதிகளும் 30 டெலோமியர்களும் நீக்கப்பட்டன. செல் உயிரோடு இருந்தது, வளர்ச்சி சற்றே பின்தங்கியது, வித்துகள் கொஞ்சம் குறைந்தன. இதைச் செய்ய அவர்கள் கையாண்டது வேறொன்றுமில்லை: காஸ்9 நொதியால் வெட்டிவிட்டு, எங்கே ஒட்ட வேண்டும் என்று காட்டும் ஒத்த வரிசை கொண்ட டிஎன்ஏவைக் கொடுத்து, மீதியை ஈஸ்ட்டின் பழுதுபார்ப்புக்கு விட்டுவிட்டார்கள். அந்தப் பணியின் ஊடே, கோடிகளுக்கு அருகில் இருந்த 19 நீளமான திரும்பவரும் வரிசைகளையும் முன்யோசனையாக வெட்டி நீக்கியிருக்கிறார்கள்.